கப்பலில் மூன்று மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் ஆரம்பித்து, உனக்கு வேலை வந்துவிட்டதால் பாதியில் நின்ற கதையை முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து எஸ்கேப் ரூம் போனோம், பூட்டிய அறைக்குள் புதிர்களை விடுவித்து வெளியே வரும் விளையாட்டு. உள்ளே ஒரு கடற்கொள்ளையர் கப்பல், அதில் கேப்டனின் அறை. 60 நிமிடத்துக்குள் புதையல் பெட்டியைத் திறந்து வெளியே வர வேண்டும். கதவு சாத்தியதுமே நான் முன்னால் போய் நின்றுகொண்டேன். நீ அலமாரியைப் பார், நீ கயிற்றைப் பார் என்று ஆளுக்கொரு வேலை கொடுத்தேன். முதல் இரண்டு பூட்டும் சட்டென்று திறந்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாவதில் மாட்டிக்கொண்டோம். மேஜையில் விரித்திருந்த கப்பல் குறிப்பேட்டில் ஒரே ஒரு வரி: 'முற்பகல் காவலில் மூன்று மணி அடித்தது. கரை தெரிந்தது.' சுவரில் முள்ளைத் திருப்பக்கூடிய கடிகாரம். மூன்று மணிக்கு வைத்தேன், திறக்கவில்லை. முள் சரியாக உட்காரவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அதையே செய்தேன். பன்னிரண்டு நிமிடம் போயிற்று.

உனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த மாமா நினைவிருக்கிறதா, சத்தமே போடாமல் பேசுவாரே, அவர் மணல் கொட்டி நேரம் காட்டும் மணற்கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றிருக்கிறார். "இதன் அடியில் 30 என்று போட்டிருக்குடா" என்று இரண்டு முறை சொன்னாராம். என் காதில் விழவேயில்லை. மூன்றாம் முறை தோளைப் பிடித்துத் திருப்பினார்.

விஷயம் இதுதான். பாய்மரக் கப்பலில் அரை மணிக்கு ஒருமுறை மணற்கண்ணாடியைத் திருப்பி வைத்து மணி அடிப்பார்கள். காவல் என்றால் மாலுமிகள் மாறி மாறிப் பார்க்கும் வேலை நேரம். முற்பகல் காவல் காலை எட்டுக்குத் தொடங்கும். எட்டரைக்கு ஒரு அடி, ஒன்பதுக்கு இரண்டு. அப்படியே ஏறி, பகல் பன்னிரண்டுக்கு எட்டு அடியோடு அந்தக் காவல் முடியும். அப்படியானால் மூன்று அடி என்பது ஒன்பதரை. அவரே முள்ளைத் திருப்பினார். 'டக்' என்று சுவரில் ஒரு கதவு திறந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடைசிப் பெட்டிக்கு ஐந்து எண் பூட்டு. 32 வெள்ளிக் காசுகளை கேப்டன், அவருக்கு அடுத்த நிலையில் இருக்கும் குவார்ட்டர்மாஸ்டர், பீரங்கிக்காரர், பாய்க்கயிறு பார்ப்பவர், மாலுமி என்று ஐந்து பேருக்குப் பிரிக்க வேண்டும். பங்கு விவரம் சுவரிலேயே இருந்தது: முதல் இருவருக்கு இரண்டிரண்டு பங்கு, அடுத்த இருவருக்கு ஒன்றரை, மாலுமிக்கு ஒன்று. ஆக 88664. நான்கு நிமிடம் மீதமிருக்கும்போது வெளியே வந்தோம்.

கேப்டனுக்குச் சமமாக இன்னொருவருக்கும் எப்படி இரண்டு பங்கு என்பது மனதை அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். கற்பனை இல்லையம்மா. 1722இல் இறந்த பார்த்தலோமியு ராபர்ட்ஸ் என்ற கொள்ளைக் கேப்டனின் கப்பல் விதிகளில் இதே கணக்குதான் இருக்கிறது. அதில் முதல் விதி, முக்கியமான காரியங்களில் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு என்பது. அந்தக் காலத்துக் கொள்ளைக் கப்பல்கள் பலவற்றில் துரத்தும்போதும் சண்டையிலும்தான் கேப்டன் வைத்தது சட்டமாம். மற்ற நேரத்தில் எல்லோரும் கூடித்தான் முடிவெடுப்பார்களாம். கொலையும் கொள்ளையும் செய்தவர்கள்தான், அவர்களைப் புகழவில்லை. ஆனாலும் அந்த முதல் விதியைப் படித்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நீ என்ன படிப்பது என்று நான்தான் முடிவு செய்தேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். ஒருமுறை அல்ல, பல முறை. அம்மாவும் சொன்னாள். நான் கடிகார முள்ளையே திருப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நீ அன்றைக்கு என்ன சொல்ல வந்தாய் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போது சொல்ல மனமிருந்தால் சொல், கேட்கிறேன்.

அதே இடத்தில் நீர்மூழ்கிக் கப்பல் அறை ஒன்றும் இருக்கிறது. மூன்று பேர் போதுமாம். நீ லீவில் வரும்போது போகலாமா என்று கேட்டதற்கு அம்மா சரி என்றுவிட்டாள். உன் ஓட்டு மட்டும் பாக்கி. வேண்டாம் என்று தோன்றினாலும் எழுது.

அன்புடன்,
அப்பா