பென்னிகுவிக் மணிமண்டபத்தில் தொழிலாளர்களுக்கும் ஓர் இடம் வேண்டும்

தமிழ்நாடு நீர்வளத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். ஜனவரி 15, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் பிறந்த நாள். அன்றைக்கு எங்கள் பக்கம் அவருக்குப் பொங்கல் வைப்பார்கள். சாமி படங்களோடு அவர் படத்தையும் மாட்டியிருக்கும் வீடுகள் உண்டு. பிள்ளைக்கு அவர் பெயரையே வைத்தவர்களும் உண்டு. லோயர் கேம்ப்பில் உள்ள அவருடைய மணிமண்டபம் பற்றித்தான் இந்தக் கோரிக்கை.

வெளியூர்க்காரர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது, அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற கதையை. இதற்கு யாரும் ஆவணம் காட்டியதில்லை. அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் எழுந்தது. இப்படிச் சொன்னால் ஊரில் சிலருக்கு வருத்தம் வரும், எனக்குத் தெரியும். ஆனால் அவர் உண்மையில் செய்ததே பெரிய காரியம். அது அந்தக் கதைக்குப் பின்னால் மறைந்துபோகிறது.

பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலக்கும் ஆறு. அதைக் காட்டுக்குள் மறித்து, நீர்மட்டத்தை உயர்த்தி, மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் பக்கம் இறக்குவதுதான் திட்டம். 1789-லேயே ராமநாதபுரத்துப் பிரதானி (அமைச்சர்) முத்திருளப்ப பிள்ளை இதை யோசித்து ஆள் அனுப்பிப் பார்த்திருக்கிறார். 1808-ல் கால்டுவெல் என்ற அதிகாரி இது நடக்காத காரியம் என்று எழுதிவிட்டார். 1876-78 பஞ்சத்துக்குப் பிறகுதான் அரசு உண்மையிலேயே அசைந்தது. 1887-ல் வேலை தொடங்கியது. தற்காலிகமாகப் போட்ட தடுப்பணைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது, ஒரு முறை அல்ல, பல முறை. ஓடுகிற ஆற்றுக்கு நடுவில் அடித்தளம் போடுவது அவ்வளவு பெரிய பாடு. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் தூளும் கலந்த காரையில், 155 அடி உயரத்துக்கு எழுப்பி, 1895 அக்டோபரில் திறந்தார்கள்.

அந்தக் காரையைக் குழைத்தது யார்? கல்லைத் தூக்கியது, சுரங்கத்தில் பாறையை உடைத்தது யார்? மலேரியாவிலும் மற்ற நோய்களிலும் நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அணைக்குப் பக்கத்திலேயே பலரைப் புதைத்தார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தானே நாங்கள் பொங்கல் வைக்க வேண்டும்!

நான் கேட்பது இதுதான். மணிமண்டபத்தில் அந்தத் தொழிலாளர்களுக்கென்று ஒரு நினைவுக்கல் வையுங்கள். பழைய பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்து, கிடைக்கிற பெயர்களை அதில் பொறியுங்கள். பெயர் கிடைக்காதவர்களுக்கு, எந்த ஆண்டில் எத்தனை பேர் என்ற கணக்காவது இருக்கட்டும். தண்ணீர் எப்படிக் கிழக்கே திரும்பியது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு மாதிரி அமைப்பும், முத்திருளப்ப பிள்ளை தொடங்கி நடந்ததைச் சொல்லும் பலகைகளும் வேண்டும். சொத்து விற்ற கதையை அவற்றில் எழுத வேண்டாம்.

வரும் ஜனவரி 15-க்குள் இதெல்லாம் முடியாது, சரி. பதிவேடுகளைத் தேடும் வேலைக்கான உத்தரவையாவது அதற்குள் போடுங்கள்.

இப்படிக்கு,
பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஒரு விவசாயி