கையெழுத்துக்கு முன் பத்து நாள்: தயாரிப்பாளர் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

கதாசிரியர், வசனகர்த்தா, பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று யாரிடம் ஒப்பந்தம் போட்டாலும் அதன் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி வந்துவிடுகிறது. “எல்லா ஷரத்துகளையும் படித்துப் புரிந்துகொண்டு, எனக்கென்று தனியாக ஒரு வழக்கறிஞரைக் கலந்தாலோசித்த பிறகே கையெழுத்திடுகிறேன்” என்பது அதன் சாரம். அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான். அந்த வரி உண்மையாக இருக்கட்டும். ஒப்பந்த வரைவைக் கையெழுத்துக்குப் பத்து வேலை நாட்களுக்கு முன்பே கொடுங்கள். எழுதுகிறவர் அதைத் தம் வக்கீலிடம் காட்ட இடம் கொடுங்கள்.

இப்போது நடப்பது வேறு. கதை விவாதம் மாதக்கணக்கில் ஓடுகிறது. அத்தனை நாளும் ஒப்பந்தத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பூஜைக்கு முந்தைய நாள் இரவு முப்பது நாற்பது பக்க ஆங்கிலக் கோப்பு கைப்பேசிக்கு வருகிறது. மறுநாள் காலை அட்வான்ஸ் காசோலையும் ஒப்பந்தமும் ஒரே மேசையில் இருக்கின்றன. ஒருநாள் அவகாசம் கேட்டால், “எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா?” என்று மேனேஜர் கேட்கிறார். வக்கீலிடம் காட்ட வேண்டும் என்று சொன்னவரின் பெயருக்குப் பக்கத்தில் ‘பிரச்சினை பண்ணுகிறவர்’ என்ற குறிப்பு ஏறிவிடுகிறது. கையெழுத்தானதும் இரண்டு பிரதிகளும் அலுவலகத்துக்கே போய்விடுகின்றன. எழுதியவர் கையில் மிஞ்சுவது கைப்பேசியில் எடுத்த மங்கலான படம்.

இந்த நிலையில் கையெழுத்திடுகிறவரிடமே ‘வக்கீலைக் கேட்டுவிட்டேன்’ என்று எழுதி வாங்குவதுதான் எங்கள் வேதனை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பிரிவு 16 இருக்கிறது. ஒருவரின் மனத்தை ஆட்டுவிக்கும் நிலையில் இருப்பவர் அவரிடம் நியாயமற்ற ஒப்பந்தம் வாங்கியிருந்தால், தகாத செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு வலியவர் தலையில்தான் விழும். பின்னாளில் அந்தக் கேள்வி எழுந்தால் முதலில் நீட்டப்படுவது இந்த வரிதான். நடக்காத ஆலோசனையை நடந்ததாக எழுதி வாங்கி, எளியவரின் கடைசிக் கதவையும் அவர் கையாலேயே சாத்த வைப்பது முறையா என்று நீங்களே சொல்லுங்கள்.

வக்கீல் படித்தால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று உங்கள் உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். ஒரே ஓர் உதாரணம் போதும். பெரும்பாலான ஒப்பந்தங்களின் நடுவில், ஒன்றரை வரியில், “பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19(4) இந்த ஒப்பந்தத்துக்குப் பொருந்தாது” என்றிருக்கும். எழுதுகிறவர் கண்ணில் அது வெறும் எண். உரிமையை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால் அந்த உரிமை எழுதியவருக்கே திரும்பிவிடும் என்பதுதான் அந்தப் பிரிவு. வேறுவிதமாக எழுதிக்கொண்டால் மட்டும் பொருந்தாது. அந்த ஒன்றரை வரியால்தான் படமாகாத திரைக்கதைகள் ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடக்கின்றன. எழுதியவர் அதை வேறு எவரிடமும் கொண்டுபோக முடியாது. விவரம் தெரிந்த வக்கீல் அந்த வரியை அடிக்கச் சொல்வார். முடியாது என்றால் இரண்டு அல்லது மூன்று ஆண்டு கெடு வைத்து, அதற்குள் படப்பிடிப்பு தொடங்காவிட்டால் உரிமை திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்வார். அவருக்கு இது அரை மணி நேர வேலை.

காலம் குறிப்பிடாவிட்டால் உரிமை மாற்றம் ஐந்தாண்டுக்குத்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள்தான் என்கின்றன பிரிவு 19இன் அடுத்த உட்பிரிவுகள். ‘பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாக’ என்று எழுதப்படுவது அதனால்தான். ‘இனிமேல் கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களும்’ என்று சேர்ப்பதும் வழக்கம். ஒப்பந்த நாளில் இல்லாத ஊடகத்துக்கு, அதைக் குறிப்பாகச் சொல்லாதவரை, உரிமை மாற்றம் செல்லாது என்று பிரிவு 18 சொல்கிறது. ராயல்டியையும் சொல்ல வேண்டும். திரைப்படத்துக்காக எழுதிய பாடலுக்கும் இசைக்கும் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் ஆக முடியும் என்று உச்ச நீதிமன்றம் 1977இல் தீர்ப்பளித்தது. 35 ஆண்டுகள் கழித்து, 2012 ஜூன் 21 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் திரையரங்கில் படத்தோடு ஓடுவது நீங்கலான பயன்பாடுகளில் சரிபங்கு ராயல்டியைப் பெறும் உரிமையை எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் தந்தது. வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றி வேறு எவருக்கும் அதை விட்டுக்கொடுத்து எழுதினாலும் அது செல்லாது. இருந்தும் ‘ராயல்டி உள்பட எல்லா உரிமைகளும் இந்தத் தொகையில் அடக்கம்’ என்ற வாசகம் இன்னும் வருகிறது. செல்லாத ஷரத்தை ஏன் அச்சடிக்கிறீர்கள்? செல்லாது என்பது எழுதியவருக்குத் தெரியாது என்பதைத் தவிர வேறு காரணம் எங்களுக்குத் தோன்றவில்லை.

நஷ்டஈட்டு ஷரத்தையும் விடுவதற்கில்லை. படத்தின் மீது யார் வழக்குப் போட்டாலும் முழுச் செலவும் எழுத்தாளர் பொறுப்பு என்று வரம்பே இல்லாமல் எழுதுகிறார்கள். படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் சேர்த்துக்கொண்ட வசனத்துக்கும் அவரே பொறுப்பாளி ஆகிறார். தாம் எழுதிக் கொடுத்த பகுதிக்கு மட்டும், தாம் பெற்ற சம்பளத்தின் அளவுக்கு மட்டும் பொறுப்பு என்று சுருக்குவதே நியாயம். சம்பளத் தவணையும் இப்படித்தான். கடைசித் தவணையைப் பட வெளியீட்டோடு முடிச்சுப் போட்டால், படம் நின்றுபோகும்போது முடித்த வேலைக்கும் கூலி கிடைப்பதில்லை. அதை இறுதிப் பிரதி ஒப்படைப்போடு சேர்க்க வேண்டும்.

கையெழுத்துக்குப் பிறகு வக்கீலைப் பார்க்கலாமே என்பது பதில் ஆகாது. ஷரத்து கொடுமையாக இருந்தால் உரிமை மாற்றத்தையே ரத்துசெய்யப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19A வழி தருகிறது. ஆனால் உரிமையை எழுதிக்கொடுத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் ரத்து உத்தரவு போட முடியாது. இத்தகைய முறையீடுகளை விசாரித்துவந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்ட பிறகு இந்த முறையீடு வணிக நீதிமன்றத்துக்குப் போகிறது. வணிக வழக்கு என்றால், அவசர இடைக்கால நிவாரணம் கேட்காதவரை, முதலில் மத்தியஸ்தத்துக்குப் போயாக வேண்டும்; அதற்கே மூன்று மாதம், இருதரப்பும் ஒப்பினால் மேலும் இரண்டு மாதம். முன்னால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் வேலை, பின்னால் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது.

பத்து நாள் என்று கணக்குச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் விதிப்படி வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்யக் கூடாது. தம் இணையதளத்தில் பெயர், பதிவு எண், தகுதி, தொழில் செய்யும் துறை போன்ற சில விவரங்களை மட்டும் போடலாம். ஆகவே பதிப்புரிமை தெரிந்தவரை விசாரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சொத்து வழக்கு பார்க்கும் குடும்ப வக்கீல் நல்லவராக இருப்பார். 19(4) அவர் கண்ணில் படாமல் போகலாம். பதிப்புரிமைக்கும் காப்புரிமைக்கும் வேறுபாடு சொல்லாத ஒருவரிடம் திரைக்கதை ஒப்பந்தத்தைக் கொடுக்கக் கூடாது. ஆளைக் கண்டுபிடித்ததும் முதல் கேள்வி, அதே நிறுவனத்துக்கு அவர் வேலை பார்க்கிறாரா என்பது. உங்கள் அலுவலகமே ‘நம்ம வக்கீல் விளக்கிச் சொல்வார்’ என்று ஒருவரை உட்கார வைப்பது தனி ஆலோசனை ஆகாது. ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் அதே விஷயத்தில் எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது என்பதும் பார் கவுன்சில் விதிதான்.

பிறகு கட்டணம். ஒப்பந்தத்தைப் படிக்க மட்டும் ஒரு தொகையா, திருத்தம் எழுதி உங்களோடு பேசவும் சேர்த்தா, எத்தனை சுற்று என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். இந்த வேலைக்கு வக்காலத்து தேவையில்லை, அது நீதிமன்றத்துக்கு. வழக்கில் வருகிற தொகையில் சதவீதம் கேட்பதை விதிகள் தடுக்கின்றன. இதற்குப் பின் வக்கீலுக்கு வரைவோடு கதைச் சுருக்கம், தேதியிட்ட முந்தைய பிரதிகள், மின்னஞ்சல்கள், வாய்மொழியாகப் பேசிய சம்பளக் கணக்கு எல்லாம் போய்ச் சேர வேண்டும். அவர் படிக்க இரண்டு மூன்று நாள், திருத்தம் உங்களுக்கு வந்து பதில் திரும்ப நான்கைந்து நாள். பத்து நாளில் கொசுறு எதுவும் இல்லை.

இதில் தவறு உங்கள் பக்கம் மட்டும்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுதுகிறவர்களின் சங்கங்களும் ஒரு மாதிரி ஒப்பந்தத்தைத் தமிழில் அச்சிட்டு உறுப்பினர் கையில் கொடுத்திருக்க வேண்டும். பஞ்சாயத்து பேசச் செலவிடும் நேரத்தில் பாதியைக் கையெழுத்துக்கு முன்பே செலவிட்டிருந்தால் பஞ்சாயத்துகளே குறைந்திருக்கும். அது அவர்களுக்குத் தனியாக எழுத வேண்டிய மடல். இப்போதைக்குப் பேனா உங்கள் மேசையில் இருக்கிறது.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக வையுங்கள்: பத்து வேலை நாட்களுக்கு முன் வரைவு, அதோடு தமிழில் ஒரு சுருக்கம், இருதரப்பும் கையெழுத்திட்ட ஒரு பிரதி எழுதியவருக்கு அன்றே. ஒப்பந்தத்தை வெளியாருக்குக் காட்டக் கூடாது என்னும் ரகசியக் காப்பு ஷரத்தில் ‘வழக்கறிஞரும் கணக்குத் தணிக்கையாளரும் நீங்கலாக’ என்று ஆறே சொற்களுக்குள் அடங்கும் ஒரு விலக்கு. கடைசிப் பக்க வரிக்குக் கீழே, கலந்தாலோசித்த வழக்கறிஞரின் பெயரும் பதிவு எண்ணும் எழுத ஒரு கோடு. அந்தக் கோடு காலியாக இருந்தால், மேலே உள்ள வரியை அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,

திரைக்கு எழுதுகிறவர்கள் சார்பில்