வெயிலுக்குப் பஞ்சமில்லாத கரையில் 60,000 யூனிட் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வைட்டமின் டி, கால்சியம் இரண்டும் பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும்' என்று தங்கள் மருத்துவப் பக்கத்தில் நான்கு வரித் துணுக்கு ஒன்று வந்தது. எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, யாருக்கு என்ற விவரம் எதுவும் அதில் இல்லை. அதைப் படம் பிடித்து கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே "அந்த அறுபதாயிரம் மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்பது இந்தப் பக்கம் ஏற்கெனவே உள்ள பழக்கம். இப்போது அதோடு புற்றுநோய் பயமும் சேர்ந்துகொண்டது.

முதலில் அந்த அறுபதாயிரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 60,000 யூனிட் வைட்டமின் டி3 வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எடுக்க வேண்டிய மருந்து. ரத்தப் பரிசோதனையில் குறைவு தெரிந்தால் பொதுவாக 8 வாரம், பிறகு மாதம் ஒன்று என்று எழுதுவார்கள். வாரம் ஒன்று என்றாலே நாள் கணக்கில் சுமார் 8,500 யூனிட் ஆகிறது. பெரியவர் ஒருவர் மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் நாள்தோறும் எடுக்கலாம் என்று வைத்திருக்கும் மேல் வரம்பு 4,000. அட்டையில் இருப்பதைத் தினம் ஒன்றாக விழுங்குபவர் அந்த வரம்பைப் போல 15 மடங்கு எடுக்கிறார். "சத்து மாத்திரைதானே, கூடினால் மூத்திரத்தில் போய்விடும்" என்பது பி-காம்ப்ளெக்ஸுக்குப் பொருந்தும், வைட்டமின் டிக்குப் பொருந்தாது. அது கொழுப்பில் தங்கி வாரக்கணக்கில் உடம்பிலேயே கிடக்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறும். பசி மந்தம், குமட்டல், மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தொடங்கும். 'கேஸ்' என்று நினைத்து அதற்கு வேறு மாத்திரை வாங்குவார்கள். கடைசியில் அடிபடுவது சிறுநீரகம். இதோடு தினம் இரண்டு கால்சியம் மாத்திரையும், ரத்தக்கொதிப்புக்குத் தயசைடு வகை நீர் மாத்திரையும் சேர்ந்தால் அந்த இடத்துக்கு இன்னும் சீக்கிரம் போய்ச் சேரலாம்.

சரி, துணுக்கில் சொன்னது முழுப் பொய்யா என்றால், இல்லை. 1980இல் அமெரிக்காவில் கார்லண்ட் சகோதரர்கள் பெருங்குடல் புற்றுநோய் இறப்பு வரைபடத்தைப் பார்த்தபோது, வெயில் குறைந்த வடகிழக்கு மாநிலங்களில் இறப்பு அதிகமாகவும் வெயில் மிகுந்த தென்மேற்கில் குறைவாகவும் இருப்பதைக் கண்டார்கள். தோலில் வெயில் உண்டாக்கும் வைட்டமின் டிதான் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார்கள். கால்சியத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. கொழுப்பைச் செரிக்க வரும் பித்த அமிலத்தில் ஒரு பகுதி பெருங்குடல் வரை போய் அதன் உள்சுவரை அரிக்கிறது. அரிபட்ட இடத்தில் செல்கள் வேகமாகப் பெருகும். கால்சியம் அந்த அமிலத்தோடும் கொழுப்போடும் சேர்ந்து, உவர்த் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் படியுமே, அதுபோல் கரையாத கட்டியாக்கி மலத்தோடு தள்ளிவிடுகிறது. உப்புக் கிணற்றில் துணி துவைத்த யாருக்கும் இதை மேலும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் இந்தக் கணக்கு அவ்வளவு நேராக வரவில்லை. ஏற்கெனவே பாலிப், அதாவது குடலின் உள்ளே முளைக்கும் சிறு சதை, எடுக்கப்பட்ட 930 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999இல் வெளியானது. தினம் 1,200 மி.கி. கால்சியம் எடுத்தவர்களில் 31 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 38 சதவீதத்தினருக்கும் பாலிப் திரும்ப வந்தது. நல்ல செய்திதான், ஆனால் சிறிய லாபம். 2006இல் மாதவிடாய் நின்ற 36,282 பெண்களிடம் 1,000 மி.கி. கால்சியமும் 400 யூனிட் வைட்டமின் டியும் 7 ஆண்டு கொடுத்துப் பார்த்ததில் பெருங்குடல் புற்று குறையவில்லை. சிறுநீரகக் கல் 17 சதவீதம் கூடியது. 2015இல் 2,259 பேரிடம் 1,000 யூனிட் வைட்டமின் டியும் 1,200 மி.கி. கால்சியமும் தனித்தனியாகவும் சேர்த்தும் கொடுத்தார்கள், பாலிப் குறையவில்லை. அதே குழுவைப் பின்தொடர்ந்தபோது, கால்சியம் எடுத்தவர்களுக்கு ரம்பப் பல் போன்ற ஒரு வகைப் பாலிப் சில ஆண்டு கழித்துக் கூடுதலாக வந்ததையும் பார்த்தார்கள். 2019இல் 25,871 பேரிடம் நாள்தோறும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்த ஆய்விலும் புற்றுநோய் வருவது குறையவில்லை.

இந்த ஆய்வுகளில் ஒரு ஓட்டை உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே நன்றாகச் சாப்பிடுபவர்கள். 2006 ஆய்வுப் பெண்கள் தொடக்கத்திலேயே நாளொன்றுக்கு 1,100 மி.கி.க்கு மேல் கால்சியம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறைந்த குடத்தில் ஊற்றிவிட்டு ஏறவில்லை என்றால் எப்படி? ரத்தத்தில் வைட்டமின் டி ஒரு மி.லி.க்கு 12 நானோகிராமுக்கும் கீழே கிடப்பவர்களுக்குப் பெருங்குடல் புற்று 31 சதவீதம் கூடுதல் என்று 17 நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. 2025 தொடக்கத்தில் வந்த பிரிட்டன் ஆய்வில் 5,42,778 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். உணவில் நாளுக்கு 300 மி.கி. கால்சியம் கூடினால், அதாவது ஒரு பெரிய டம்ளர் பால் அளவுக்கு, ஆபத்து 17 சதவீதம் குறைவாக இருந்தது. ஆக, வெறும் குடத்தை நிரப்புவதில் பயன் இருக்கலாம், நிறைந்த குடத்தில் ஊற்றுவதில் இல்லை. நிரப்புவதையும் முதலில் சாப்பாட்டால் செய்து பார்ப்பதே முறை.

பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 1,000 மி.கி. என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வைத்த அளவு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு 1,200. சோறு, சாம்பார், ஒரு துண்டு சீலா மீன் என்று சாப்பிடுபவருக்கு இதில் பாதி கிடைத்தாலே அதிசயம். சீலா, பாறை போன்ற பெரிய மீனில் நாம் தின்பது சதை. கால்சியம் இருப்பது முள்ளில். மலிவான சூடையும் நெத்திலியும் காரலும்தான் இந்தக் கணக்கில் பணக்கார மீன். டின்னில் அடைத்த மத்தியை முள்ளோடு தின்றால் 100 கிராமில் சுமார் 380 மி.கி. கால்சியம். நம் வீட்டுச் சட்டியிலும் அதைச் செய்யலாம். சூடையை அலசி, புளி சற்றுத் தூக்கலாகக் கரைத்து, மண்சட்டியில் சிறு தீயில் வைத்து, இறக்கிய பிறகும் அடுப்புக் கணப்பிலேயே விட்டால் மறுநாள் நடுமுள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும். பழைய மீன் குழம்புக்கு ருசி மட்டும் கூடுவதில்லை. இந்த மீன்களில் ஓரளவு வைட்டமின் டியும் உண்டு. நெத்திலிக் கருவாட்டிலும் முள் உண்டு, ஆனால் உப்பும் உண்டு. சிறுநீரில் உப்பு கூடும்போது அது கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு வெளியேறும். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீரில் அலசிய பிறகே சட்டியில் போடுங்கள்.

பால் 200 மி.லி. என்றால் சுமார் 240 மி.கி. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புசம் கொள்பவர்கள் நம் பக்கம் ஏராளம், அவர்களுக்குத் தயிர். மோரில் எவ்வளவு தயிர் போனதோ அவ்வளவுதான் கணக்கு. நாலு பங்கு தண்ணீர் விட்ட மோர் தாகத்துக்கு நல்லது, எலும்புக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. கேழ்வரகு 100 கிராமில் 350 அளவு. ஒருவர் கூழுக்கு 50 கிராம் மாவு போகும். முளைகட்டியோ புளிக்க வைத்தோ சாப்பிட்டால் கால்சியத்தைப் பிடித்து வைக்கும் ஃபைட்டேட் குறையும். முருங்கைக்கீரை 300க்கு மேல். பசலையிலும் கால்சியம் உண்டு என்பார்கள், ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் பிடித்துக்கொண்டு விடாது. எள் நல்லதுதான், தோலோடு இருக்கும் கறுப்பு எள்ளாக இருந்தால். தோல் நீக்கினால் பெரும்பகுதி போய்விடும். நல்லெண்ணெயில் கால்சியம் ஒரு துளியும் கிடையாது. அது புண்ணாக்கோடு செக்கிலேயே தங்கிவிடுகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பு கால்சியம்தானே என்று கேட்பவர்களுக்கு: கூடவே போகும் பாக்கு வாய்ப்புற்று தருவது. இன்னொன்று, கிணற்று நீரிலிருந்து ஆர்.ஓ. கேன் தண்ணீருக்கு மாறிய வீடுகளில் தண்ணீர் வழியாக வந்த கால்சியமும் நின்றுவிட்டது. அதற்காக உவர்த் தண்ணீருக்குத் திரும்பச் சொல்லவில்லை, தயிரைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

சிறுநீரகக் கல் வரும் என்று பயந்து பாலையும் மீனையும் நிறுத்துபவர்கள் செய்வது தலைகீழ் வேலை. சாப்பாட்டோடு போகும் கால்சியம், கல்லாகப் படியும் ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் கல் குறையும். வெறும் வயிற்றில் போடும் மாத்திரைதான் கல்லைக் கூட்டுகிறது. இந்த வறண்ட கரையில் கல்லுக்கு முதல் காரணம் வியர்வைக்கு ஈடாகத் தண்ணீர் குடிக்காததே.

வெயில். 'காலை இளவெயிலில் நின்றால் போதும்' என்பது ஊர் முழுக்க உள்ள நம்பிக்கை. வைட்டமின் டி செய்யும் புற ஊதா பி கதிர், சூரியன் சாய்ந்திருக்கும்போது காற்று மண்டலத்திலேயே பெரும்பகுதி வடிகட்டப்பட்டுவிடும். காலை 7 மணி வெயில் மனதுக்கு இதம், அவ்வளவே. அளவுகோல் உங்கள் காலடியிலேயே இருக்கிறது: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் வேலை நடக்கும் நேரம். 9 பாகை அட்சரேகையில் இருக்கும் நமக்கு மார்கழியிலும் காலை 10 முதல் பகல் 2 வரை அது கிடைக்கிறது. சித்திரையில் இன்னும் கூடுதல். முகமும் முழங்கைக்குக் கீழேயும் கணுக்காலும் தெரிய, வாரம் நான்கைந்து நாள் அரை மணி அளவு. கறுத்த தோலுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். கண்ணாடி வழியாக வரும் வெயிலில் பயனில்லை, பேருந்து ஜன்னலோரம் கணக்கில் வராது. எவ்வளவு நின்றாலும் வெயிலால் வைட்டமின் டி விஷமாகாது. கூடுதலாக உண்டானதைத் தோலே சிதைத்துவிடும்.

இத்தனை வெயிலிலும் குறைவு வருகிறதென்றால் உடம்பில் படுவது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலைக்குத் துணி, விரலுக்குச் சுற்று என்று மூடியே இறங்குகிறார்கள். இரவுத் தொழிலுக்குப் போனவர் பகலில் உறங்குகிறார். முற்றமில்லாத புது வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு மொட்டை மாடிதான் வழி. துணி காயப் போடும் வேலையைப் பகல் பதினொன்றுக்கு வைத்துக்கொண்டாலே பாதி தீர்ந்தது.

இவ்வளவுக்கும் பிறகு மருத்துவர் கால்சியம் எழுதினால், அட்டையின் பின்பக்கம் படியுங்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று இருந்தால் அதில் கால்சியம் 500 மட்டுமே. ஒரு வேளைக்கு 500க்கு மேல் போட்டால் குடல் முழுதாக ஏற்காது. கார்பனேட் சாப்பாட்டோடு, வயிற்று அமில மாத்திரை நெடுநாள் எடுப்பவர் சிட்ரேட் வகையைக் கேட்கலாம். அதிகம் நடக்கும் தவறு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் கர்ப்பிணிகள் ஒன்றாக விழுங்குவது. ஒன்றை மற்றொன்று தடுக்கும். 2 மணி நேர இடைவெளி வேண்டும். தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம்.

இதையெல்லாம்விடத் துணுக்கு சொல்லாமல் விட்டதுதான் பெரியது. பாலிப் புற்றாக மாறப் பெரும்பாலும் 10 ஆண்டு பிடிக்கும். அதற்குள் கண்டு எடுத்துவிட்டால் அந்த இடத்தில் புற்றே வராது. எந்த மாத்திரையும் இதன் பக்கத்தில் வராது. நம் பக்கம் நடப்பது வேறு. மலத்தில் ரத்தம் கண்டதும் 'உதிர மூலம்' என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதி, பேருந்து நிலையச் சுவரில் 'மூலம், பவுத்திரம்' என்று ஒட்டிய விளம்பரத்துக்குப் போய் ஒரு வருடம் கழிகிறது. ரத்தத்தின் நிறத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. மலக்குடல் கட்டியும் சிவப்பாகவே வடியும். போய் வந்த பிறகும் மிச்சமிருப்பது போன்ற உணர்வு, சளியோடு ரத்தம், மலம் மெலிந்து வருவது, வழக்கம் மாறி சில வாரம் நீடிப்பது, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் கையுறை போட்டு விரல் விட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிட வேலை; மலக்குடல் கட்டி பல நேரம் அதிலேயே தட்டுப்படும். கூச்சப்பட்டு வேண்டாம் என்பவர்கள் ஆண்களே அதிகம். பெருங்குடலின் வலப்பக்கக் கட்டி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும்படி ரத்தம் காட்டாது. ஐம்பது வயது ஆணுக்குக் காரணம் தெரியாமல் ஹீமோகுளோபின் இறங்கினால் இரும்பு டானிக் கொடுப்பதற்கு முன் குடலைப் பார்க்க வேண்டும். மலத்தில் மறைந்த ரத்தம் பார்க்கும் பரிசோதனை செலவு குறைந்தது. அதில் ரத்தம் தெரிந்தால் கொலோனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயை உள்ளே விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் இதற்கான குடல் துறை இருக்கிறது. பெற்றோர், உடன்பிறந்தோரில் ஒருவருக்கு 60 வயதுக்குள் வந்திருந்தால் 40 வயதிலோ, அவருக்கு வந்த வயதுக்கு 10 ஆண்டு முன்போ, எது முந்தியோ அப்போதே கொலோனோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும்.

அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இந்தத் திருத்தத்தை வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்: "60,000 யூனிட் வைட்டமின் டி மருத்துவர் சீட்டின் பேரில், வாரத்துக்கு ஒன்று மட்டும், தினம் அல்ல. மலத்தில் ரத்தம் போனால் மூலம் என்று முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டவும்."

இப்படிக்கு,
மருந்தாளுநர்,
உச்சிப்புளி, ராமநாதபுரம் மாவட்டம்.