ஸ்கிரீனை கைபோனால் படமெடுப்பதை விட்டுவிட்டேன்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே எல்லாரும் நல்ல சுகம். ஒரு கிழமையாக மழை விடவில்லை, மத்தியானத்திலேயே பனி மூடி எதிர் லயம் தெரியாமல் போய்விடுகிறது, உடுப்பு காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை. கத்தாருக்குப் போகும்போது நீ வைத்துவிட்டுப் போன லெப்டொப்பை நான் துணி போட்டு மூடி வைத்திருப்பேன் என்று நினைத்திருப்பாய். இல்லை. பென்ஷன் எடுத்தும் டீச்சர் புத்தி போகவில்லை, நம்முடைய தோட்டத்துப் பிள்ளைகளுக்காக அதில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எழுதியது சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு பார்ப்பது எப்படி என்று. பரீட்சைத் திணைக்களத்தின் இணையப் பக்கத்தில் பரீட்சைச் சுட்டெண்ணைப் போட்டால் வந்துவிடுகிற விஷயம், அதற்குப் பிள்ளைகள் பஸ் ஏறி டவுனுக்குப் போய் கொமியூனிகேஷன் கடையில் காசு கொடுத்துப் பார்க்கிறார்கள். "மேலே இருக்கிற பெட்டியில் சுட்டெண்ணைப் போடு" என்று எழுதினால் எந்தப் பெட்டி என்று கேட்கிறார்கள். படம் இல்லாமல் முடியாது. நான் என்ன செய்தேன் தெரியுமா, ஸ்கிரீனை போனால் படம் எடுத்தேன். படம் முழுக்க அலை அலையாகக் கோடு, நடுவில் என் மூக்குக்கண்ணாடி, பின்னால் ஜன்னலில் தொங்குகிற உன் அப்பாவின் சாரம். சுட்டெண் போடுகிற பெட்டி அந்தச் சாரத்துக்குள்ளே எங்கேயோ இருந்தது.

பக்கத்து வீட்டுப் பிள்ளை பார்த்துச் சிரித்துவிட்டு மூன்று கீயைக் காட்டினாள். விண்டோஸ் கீ, ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஸ்கிரீன் மங்கும், கூட்டல் அடையாளம் ஒன்று வரும், வேண்டிய இடத்தை மட்டும் இழுத்துப் பிடித்தால் சரி. புதிதாக ஒன்றும் போடவேண்டியதில்லை, விண்டோஸோடேயே வருகிறது. நீ போனில் சொன்ன அந்தக் காசு கட்டுகிற சொஃப்ட்வெயர் எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது வெட்டுவது, ஒரு சிவப்பு வட்டம் போடுவது, அவ்வளவுதான், பேனாவும் அதிலேயே இருக்கிறது. (இதற்குத் தமிழில் "திரைப்படம்" என்று எழுதலாமா என்று யோசித்தேன், பிள்ளைகள் சினிமா என்று ஓடி வருவார்கள், ஸ்கிரீன்ஷொட் என்றே விட்டுவிட்டேன்.)

ஒரு நாள் நன்றாகப் பட்டேன். இந்த லெப்டொப்பில் வெட்டிய படம் கிளிப்போர்ட் என்கிற தற்காலிக இடத்தில்தான் போய் இருக்கும், நாமாகச் சேமித்தால்தான் உண்டு. எனக்கு அது தெரியாது. ஒன்றன்பின் ஒன்றாக எட்டுப் படம் வெட்டிவிட்டு ஒட்டிப் பார்த்தால் கடைசிப் படம் மட்டும் வருகிறது. விண்டோஸ் கீயும் வீயும் அழுத்தினால் முன்னே வெட்டியதெல்லாம் வரிசையாக நிற்கும் என்று பிறகு அந்தப் பிள்ளைதான் சொன்னாள், ஆனால் அதை முதலில் ஓன் பண்ணி வைத்திருக்க வேண்டுமாம். ஓன் பண்ணினேன். மறுநாள் கரண்ட் போனது, இந்த லெப்டொப்புக்கு பெட்டரி பெயருக்குத்தானே, அதோடு வரிசையும் போனது. இப்போது ஒவ்வொன்றையும் வெட்டிய கையோடு 1, 2, 3 என்று பெயர் வைத்துச் சேமித்துவிடுகிறேன். சில மெனு நாம் கீயைத் தொட்டதும் மறைந்துவிடும், அதற்கு 3 வினாடி பொறுத்து எடு என்று ஒரு வசதி இருக்கிறது, அதற்குள் மெனுவைத் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

பிறகு வட்ஸ்அப்பில் அனுப்பினேனா, ஒரு பையன் கேட்கிறான், "டீச்சர், இது க-வா க்-ஆ?" என்று. என் படத்தில் புள்ளி ஒழுங்காக இருக்கிறது, அவனிடம் போனதில் காணோம். நான் சேமிப்பது பிஎன்ஜி என்கிற பட வகை, அதில் எழுத்து எடுத்தபடியே இருக்கும். வட்ஸ்அப் அதை ஜேபெக் என்கிற வேறு வகையாக்கி அமுக்கித்தான் அனுப்புகிறது, அப்போது எழுத்து ஓரமெல்லாம் கசங்கிப் போகிறது, தமிழில் முதலில் சாவது மெய்யெழுத்துப் புள்ளிதான். படமாக அனுப்பாமல் டொக்கியுமென்ட் என்று தெரிவுசெய்து அனுப்பினால் அப்படியே போகிறது. நீயும் இனிமேல் அப்படியே அனுப்பு, போன மாதம் நீ அனுப்பிய சம்பளச் சீட்டில் ஒரு எண்ணும் எனக்கு விளங்கவில்லை.

இன்னொன்று உன்னிடம் மட்டும் சொல்கிறேன். பாடத்துக்காக ஒரு பிள்ளையின் பெறுபேற்றை எடுத்தேன், அடையாள அட்டை எண்ணும் அதில் விழுந்துவிட்டது, ஹைலைட்டர் பேனாவால் மேலே பல தடவை இழுத்துவிட்டு மறைத்துவிட்டேன் என்று நினைத்தேன். வெளிச்சத்தைக் கூட்டினால் எண் அப்படியே தெரிகிறது! வெறும் எண்தானே என்று விடமுடியாது. புதிய 12 இலக்க அட்டையில் 2008632 என்று தொடங்கினால் பிறந்த வருடம் 2008, 632-இல் பெண் பிள்ளைக்குக் கூட்டுகிற 500-ஐக் கழித்தால் 132-ஆவது நாள், அதாவது மே 11. பிறந்த நாளையே ஊருக்குச் சொல்லியிருப்பேன். நல்லவேளை இரண்டு பேருக்குத்தான் போயிருந்தது, அழிக்கச் சொன்னேன், அந்தப் பிள்ளையின் அம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இப்போது எண் இருக்கிற இடத்தை வெட்டுக்குள்ளேயே கொண்டுவருவதில்லை. எடுத்த படத்தைப் பிறகு நறுக்கி அதே ஃபைலில் சேமிப்பதும் இல்லை, ஏனென்றால் அப்படி நறுக்கி எறிந்த பகுதி ஃபைலுக்குள்ளேயே ஒளிந்திருந்தது என்று 2023-இல் கண்டுபிடித்தார்கள், இதே விண்டோஸ் கருவியில்தான். மார்ச்சிலேயே திருத்திவிட்டார்கள், ஆனாலும் எனக்கு மனம் வரவில்லை, புதிதாகவே எடுத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோ கோலில் பேசும்போது உனக்குத் தெரியாமல் ஒரு வெட்டு எடுத்தேன், அப்பாவுக்கு பிரிண்ட் போட்டுக் கொடுக்கலாம் என்று. கோப்பையைப் பிடித்திருக்கிற உன் இடது கைப் பெருவிரலில் பிளாஸ்டர். பேசும்போது கண்ணில் படவில்லை, படத்தைப் பெரிதாக்கினால் கீழே மணிக்கட்டு வரைக்கும் வீங்கியிருக்கிறது. வேலையிலா, சமைக்கும்போதா? அப்பாவிடம் இன்னும் படத்தைக் காட்டவில்லை, உன் பதில் வந்த பிறகு காட்டுகிறேன்.

அம்மா