இலை பார்க்க வாருங்கள், வீட்டை ஊருக்கு விட்டுவிடுங்கள்

பாஸ்டன், கனெக்டிகட், நியூ ஜெர்சி பக்கம் வசிக்கும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். வெர்மான்ட் மாநிலத்தில், உட்ஸ்டாக்குக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஒவ்வொரு அக்டோபரிலும் மரத்து இலைகள் நிறம் மாறுவதைப் பார்க்க உங்களில் பலர் இந்தப் பக்கம் வருகிறீர்கள். நீண்ட வார இறுதியில் டாஃப்ட்ஸ்வில் மரப்பாலத்தருகே தமிழ் காதில் விழும்போது மனசு நிறைந்துபோகும். வண்டிப் பின்கதவைத் திறந்துவைத்துப் புளியோதரையும் தயிர் சாதமும் பரிமாறுபவர்கள், முன்பின் தெரியாத என்னையும் கூப்பிட்டுச் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வருகையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

இந்த மடல் வேறொன்றுக்காக. சில ஆண்டுகளாகக் கொலுவுக்குப் போகும் வீடுகளிலும் பொங்கல் விழாச் சாப்பாட்டு வரிசையிலும் ஒரே பேச்சு அடிபடுகிறது. "வெர்மான்ட்ல சின்னதா ஒரு வீடு வாங்கிப் போட்டா, நாள் வாடகைக்கு விடுற ஏர்பிஎன்பி தளத்துல அதுவா ஓடிடும். அக்டோபர் ஒரு மாசம், பனிச்சறுக்கு மூணு மாசம், போதும்." வாட்ஸப் குழுக்களில் கணக்குப் போட்டு அனுப்புகிறார்கள். எந்த ஊரில் வீடு இன்னும் மலிவு என்று பட்டியல் சுற்றுகிறது. அந்தப் பட்டியலில் எங்கள் பக்கத்து ஊர்களும் இருக்கின்றன. அந்த மலிவான சின்ன வீடுகளைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

நீங்கள் பார்க்கும் இலையுதிர்காலம் இரண்டு நாள். இங்கே இருப்பவர்களுக்கு அது ஆகஸ்ட் கடைசியில், விறகில் தொடங்குகிறது. நான்கடி அகலம், நான்கடி உயரம், எட்டடி நீளம் அடுக்கினால் அது ஒரு 'கார்டு' (cord) விறகு. பல வீடுகளுக்குக் குளிர்காலம் கடக்க அப்படிப் பல கார்டுகள் வேண்டும். செப்டம்பரில் மாட்டுத் தீவனத்துக்கான மக்காச்சோளம் வெட்டும் இயந்திரங்கள் சாலையை அடைத்துக்கொண்டு நகரும். பின்னால் நிற்கும் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். முதல் உறைபனி வரப்போகிறது என்று தெரிந்த மாலையில் தக்காளிச் செடியில் இருப்பதையெல்லாம் காயோடு பறித்துவிட வேண்டும். பக்கத்து வீட்டுப் பாட்டி தன் தோட்டத்துக் காயையும் கூடையில் கொண்டுவந்து தருவார். எங்கள் வீட்டில் அது துவையலாகித் திரும்பப் போகும். தேவாலயத்தின் நிலவறைக் கூடத்தில் 'சிக்கன் பை' (மாவுக்குள் கோழிக்கறி வைத்துச் சுட்டது) விருந்து நடக்கும். பாதிரியார் தட்டு கழுவுவார், பள்ளிப் பிள்ளைகள் பரிமாறுவார்கள். வசூலாகும் பணம் யார் வீட்டுக் கூரைக்கோ எரிபொருளுக்கோ போகும். சர்க்கரை மேப்பிள் மரங்கள் ஆரஞ்சும் சிவப்புமாகக் கொழுந்துவிட்டு எரிவதெல்லாம் இத்தனை வேலைக்கு நடுவில்தான். சில வருடங்களில் நவராத்திரியும் அதே வாரத்தில் வந்துவிடும். அப்போது எங்கள் கொலுப்படிக்கு மேலே ஜன்னல் முழுக்க மேப்பிள்தான்.

இலை கொட்டியதும் நீங்கள் போய்விடுவீர்கள். அப்புறம் நவம்பர். மலையெல்லாம் வெறும் குச்சியாக நிற்பதால் இங்கே அதை ஸ்டிக் சீசன் என்பார்கள். மான் வேட்டைக் காலம் என்பதால் காட்டுப்பக்கம் நடப்பவர்கள் ஆரஞ்சு மேலுடை போட்டுக்கொள்வார்கள். ஊர் ஊராக இருப்பது அந்த மாதத்தில்தான். பனிக்கு முன்னால் தனியாக இருக்கும் முதியவர் வீட்டு விறகை யார் உள்ளே எடுத்து வைப்பது, யார் வீட்டுப் பாய்லர் நின்றுவிட்டது என்பதெல்லாம் தெரிந்திருக்க, அந்தத் தெருவில் நவம்பரிலும் விளக்கு எரிகிற வீடுகள் இருக்க வேண்டும்.

அந்த வீடுகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.

வெர்மான்ட்டில் ஆண்டு முழுக்கக் குடியிருக்க வாங்கப்படும் வீட்டின் இடைநிலை விலை 2021ல் 2,70,000 டாலர். மறு ஆண்டே அது 3,10,000 ஆனது. ஒரே வருடத்தில் 15 சதவீத ஏற்றம். பாஸ்டன் விலையோடு ஒப்பிட்டால் இது உங்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் இங்கே சம்பளம் பாஸ்டன் சம்பளம் இல்லை. பள்ளி உதவியாளர், பால் பண்ணையில் வேலை செய்பவர், சாலையில் பனி தள்ளும் ஓட்டுநர், முதியோர் இல்லத்துப் பணியாளர் என்று ஊரை நடத்துகிறவர்கள் வாங்கக்கூடியது ஒரே வகை வீடுதான்: பழசு, இரண்டு படுக்கையறை, கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரம். வாட்ஸப் கணக்கில் 'நல்ல வருமானம் தரும்' என்று வரும் வீடும் அதே வகைதான். மலைமேல் பத்து ஏக்கரோடு நிற்கும் மாளிகையை நீங்கள் வாங்கினால் உள்ளூர்க்காரர் யாரும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தச் சின்ன வீட்டுக்கு இரண்டு பேர் போட்டியிடும்போது, முழுப் பணத்தையும் ரொக்கமாகத் தரும் வெளியூர்க்காரரோடு வங்கிக் கடனை நம்பியிருப்பவர் போட்டியிடவே முடியாது.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் இது கண்முன்னால் நடக்கிறது. வேலைக்குத் தேர்வாகி, வருகிறேன் என்று சொன்ன செவிலியர்கள் வாடகைக்குக்கூட வீடு கிடைக்காமல் வராமலே போயிருக்கிறார்கள். ஆள் இல்லாததால் நோயாளிகள் காத்திருக்கிறார்கள். மாநில அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் கடுமை. 2029க்குள் 24,000 முதல் 36,000 வரை புதிய வீடுகள் வேண்டும் என்கிறது வெர்மான்ட் அரசின் தேவை மதிப்பீடு. மாநில மக்கள்தொகையே சுமார் ஆறரை லட்சம்தான். 2024 ஜனவரியில் ஓர் இரவில் எடுத்த கணக்கில் வீடில்லாமல் இருந்தவர்கள் 3,458 பேர். அதே மாநிலத்தில் ஆறு, ஏழு வீடுகளுக்கு ஒன்று, ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கும் விடுமுறை வீடு.

வீட்டை விற்கவே நினைக்காதவரையும் இந்த விலையேற்றம் அடிக்கிறது. இதை வெளியூரில் இருப்பவர்கள் கவனிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இங்கே பள்ளிச் செலவுக்கான வரி வீட்டு மதிப்பின் மேல் விழுகிறது. ஊர் வைத்திருக்கும் பட்டியலில் ஒரு வீட்டின் மதிப்பு, பேச்சுக்கு, இரண்டரை லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே போன்ற வீடுகள் சந்தையில் நான்கு லட்சத்துக்கு விற்கின்றன. மாநில அரசு ஊரில் சமீபத்தில் நடந்த விற்பனைகளை எடுத்து, பட்டியல் மதிப்பு சந்தை விலைக்கு எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கும். எவ்வளவு பின்தங்கியிருக்கிறதோ அந்த அளவுக்கு ஊரின் பள்ளி வரி வீதத்தை ஏற்றிவிடும். ஆக, யாரோ நான்கு பேர் நல்ல விலைக்கு வாங்கியதும் விற்றதும், நாற்பது வருடமாக ஒரே வீட்டில் இருக்கும் பாட்டியின் வரிச் சீட்டில் வந்து நிற்கிறது. வருமானத்தைப் பொறுத்துச் சலுகை உண்டு. இருந்தாலும் 2024ல் மாநிலம் முழுக்கப் பள்ளி வரி சராசரியாக 13.8 சதவீதம் ஏறியது. அந்த ஏற்றத்துக்குப் பள்ளிச் செலவு கூடியது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆனால் அந்த மார்ச் மாதத்து ஊர்க்கூட்ட வாக்கெடுப்பில் மூன்றில் ஒரு பங்குப் பள்ளி பட்ஜெட்டுகளை மக்கள் தோற்கடித்தார்கள் என்றால் அவர்கள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்புக்கு 'வேண்டாம்' என்று கை தூக்குகிற ஊர்கள் இல்லை இவை.

தீயணைப்பு இன்னொரு விஷயம். இங்குள்ள சிற்றூர்களில் பெரும்பாலும் சம்பளத்துக்கு ஆள் வைத்த தீயணைப்பு நிலையம் கிடையாது. பேஜர் அடித்தால் தச்சரும் ஆசிரியரும் மெக்கானிக்கும் எழுந்து ஓடுவார்கள். வார இறுதி விருந்தினர் வீட்டில் புகைபோக்கி தீப்பிடித்தால் அணைக்க ஓடுவதும் அவர்கள்தான். அந்தத் தச்சர் வீடு கிடைக்காமல் நாற்பது மைல் தள்ளிப் போய்விட்டால் பேஜர் அடித்துப் பயனில்லை. உங்கள் வாடகைக் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். இந்த விலையேற்றத்துக்குத் தமிழர்களா காரணம்? இல்லை. வாங்குபவர்களில் நாம் மிகச் சிறிய பங்கு. வெளியூர்க்காரர் இங்கே வீடு வாங்குவதும் புதிதில்லை. 1930களிலேயே கைவிடப்பட்ட பண்ணை வீடுகளைக் கோடை வீடாக வாங்கச் சொல்லி மாநில அரசே அழைத்தது. அறுபதுகளில் நெடுஞ்சாலைகளும் பனிச்சறுக்கு விடுதிகளும் வந்தன, மலைச்சரிவுகளை வீட்டுமனை போட்டு விற்றார்கள். அதைக் கட்டுப்படுத்த 1970ல் வந்த சட்டம்தான் ஆக்ட் 250. இந்தக் காடுகளும் வயல்களும் இன்னும் மிஞ்சியிருப்பதில் அதற்குப் பெரிய பங்குண்டு. அதே சட்டம் புதிய வீடு கட்டுவதையும் தாமதமாக்கியது, செலவையும் ஏற்றியது. பாறைச் சரிவில் செப்டிக் டேங்க் அமைப்பதே ஒரு பெரிய செலவு. பிறகு 2020ல் பெருந்தொற்று வந்தது, வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்றானதும் நகரத்துப் பணம் ஒரே நேரத்தில் இங்கே பாய்ந்தது.

இத்தனை காரணங்களில் பெரும்பாலானவை என் கைக்கும் உங்கள் கைக்கும் அப்பாற்பட்டவை. அரசு தன்னால் ஆனதைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. 2023 சட்டப்படி, தனிவீடு கட்ட அனுமதி உள்ள இடத்தில் இரட்டை வீடும் கட்டலாம். 2024ல் ஆக்ட் 250ஐத் தளர்த்தினார்கள். உட்ஸ்டாக் ஊர் நிர்வாகம், உள்ளூரில் வேலை செய்பவர்களுக்கு நீண்ட கால வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்துப் பார்த்தது. உங்களிடம் எழுதுவதற்குக் காரணம், நாம் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு முடிவெடுக்கிறவர்கள் என்பதுதான். ஒருவர் வாங்கினால் அவர் குழுவில் நான்கு பேர் வாங்குவார்கள். ஒருவர் யோசித்தால் அந்த நான்கு பேரும் யோசிப்பார்கள் என்று நம்புகிறேன்.

சட்டப்படிதானே வாங்குகிறோம் என்றால், ஆமாம், சட்டப்படிதான். ஆனால் அந்தச் சட்டமும் இப்போது தன் விருப்பத்தைச் சொல்லிவிட்டது. ஆகஸ்ட் 2024 முதல், ஆண்டு முழுக்கக் குடியிருக்கத் தக்க வீட்டை இரண்டாவது வீடாக வாங்கினால் சொத்து மாற்ற வரி 3.4 சதவீதம். அதையே குடியிருப்பவர்களுக்கு நீண்ட கால வாடகைக்கு விட வாங்கினால் பழைய 1.25 சதவீதம்தான். அதே மாதத்திலிருந்து குறுகிய கால வாடகைக்கு, ஏற்கெனவே இருந்த 9 சதவீத அறை வரியோடு இன்னும் 3 சதவீதம் சேர்ந்துவிட்டது. குழுவில் சுற்றும் கணக்குகளில் இந்த எண்கள் பெரும்பாலும் பழசாகவே இருக்கின்றன.

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். ஊருக்குள் இருக்கும், ஒரு குடும்பம் ஆண்டு முழுக்க வாழக்கூடிய சின்ன வீட்டை விருந்தினர் வீடாக்க வாங்காதீர்கள். மலைநாட்டில் முதலீடு செய்தே ஆக வேண்டும் என்றால், ஊர்க்காரர் ஒருவருக்கு வருட ஒப்பந்தத்தில் விடுங்கள். வருமானம் கொஞ்சம் குறையும். வாரத்துக்கு மூன்று முறை சுத்தம் செய்ய ஆள் தேடும் வேலையும், உறைந்து வெடித்த குழாயைத் தொலைபேசியிலேயே சரிசெய்யும் தவிப்பும் இருக்காது. இல்லை, இந்த ஊர் பிடித்திருக்கிறது, இங்கேயே இருக்க வேண்டும் என்று தோன்றினால் தயங்காமல் குடிவாருங்கள். பள்ளிக்குப் பிள்ளைகள் வேண்டும், மருத்துவமனைக்கு ஆள் வேண்டும், தீயணைப்புப் படைக்கு உங்கள் கை வேண்டும். முதல் குளிர்காலத்துக்கு விறகு அடுக்க நாங்கள் வருவோம்.

சுற்றிப்பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. உட்ஸ்டாக்குக்குப் பக்கத்து ஊரான பாம்ஃப்ரெட்டில் ஒரு பண்ணை வீடு இணையத்தில் பிரபலமானதால், அது இருக்கும் கிளவுட்லேண்ட் சாலை என்ற குறுகிய மண்சாலையில் கூட்டம் தாங்காமல் போனது. வேலி தாண்டி நுழைந்தார்கள், புல்வெளியைக் கழிப்பிடமாக்கினார்கள். கடைசியில் 2023ல் செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரை வெளியூர் வண்டிகளுக்குச் சாலையையே மூட வேண்டியதாயிற்று. அந்தச் சாலையைத் தவிர்த்து எத்தனையோ மலைப்பாதைகள் இருக்கின்றன. பொது நிறுத்தத்தில் வண்டியை விடுங்கள். சாலையோரக் கடையில் மேப்பிள் பாகும் ஆப்பிளும் வாங்குங்கள். வாய்ப்பிருந்தால் தேவாலய விருந்துக்கு ஒரு சீட்டு வாங்கி உட்காருங்கள். காய்கறி மட்டும் சாப்பிடுபவர்களுக்கும் பூசணியும் உருளையும் பெரும்பாலும் இருக்கும்.

ஏற்கெனவே இங்கே வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். அக்டோபர் முன்பதிவுகள் முடிந்ததும் வீட்டைப் பூட்டி வைக்காதீர்கள். நவம்பரிலிருந்து ஒரு வருடத்துக்கு இங்கே வேலை பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வீடு இருக்கும் ஊரின் அலுவலகத்தைக் கூப்பிட்டு, யாருக்கு வீடு தேவைப்படுகிறது, உதவித்தொகை ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்பந்தம் எழுதுவதிலோ நம்பகமான ஆளைத் தேடுவதிலோ தயக்கம் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். நானே உங்களோடு ஊர் அலுவலகத்துக்கு வருகிறேன்.

அன்புடன்,
வெர்மான்ட்டிலிருந்து உங்கள் நண்பர் ஒருவர்