நீ தூங்கிப்போன கதைகளின் முடிவுகள்

அன்புள்ள மகளுக்கு,

போனில் கேட்டாயே, “அம்மா, அந்த ஈ கதை எப்படி முடியும்? குளம் வரைக்கும் ஞாபகம் இருக்கு, அப்புறம் ஒண்ணும் வரல” என்று. எனக்குச் சிரிப்புதான் வந்தது. எப்படி வரும்? குளம் வந்ததும் நீ தூங்கிவிடுவாய். அதற்கு மேல் எனக்கு நானே பேசிக்கொண்டிருக்க முடியுமா? விளக்கை அணைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவேன். இப்போது உன் பையன் கண்ணைக்கூட மூடாமல் “அப்புறம்?” என்று கேட்கிறான், உனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி, எழுதியே அனுப்பிவிடுகிறேன்.

ஓர் ஈ வீடு மெழுகிக்கொண்டே இருந்ததில் தன் பேரை மறந்துவிட்டது. அது வழியில் பார்த்தவர்களை எல்லாம் நிறுத்திக் கேட்டுக்கொண்டே போகிறது. ஒவ்வோர் இடத்திலும் பழையதை முதலிலிருந்து சொல்லிப் புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும். கடைசியில் இப்படி நிற்கும்:

கொழுகொழு கன்றே, கன்றின் தாயே,
தாயை மேய்க்கும் ஆயா, ஆயன் கைக் கோலே,
கோல் இருக்கும் மரமே, மரத்தில் இருக்கும் கொக்கே,
கொக்கு குளிக்கும் குளமே, குளத்தில் இருக்கும் மீனே,
மீனைப் பிடிக்கும் வலையா, வலையன் கைச் சட்டியே,
சட்டி செய்யும் குயவா, குயவன் கை மண்ணே,
மண்ணில் முளைக்கும் புல்லே, புல்லைத் தின்னும் குதிரையே,
என் பேர் என்ன?

குதிரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஈஈஈ” என்று பல்லைக் காட்டிக் கனைத்தது. ஈக்குப் பேர் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான். ஆனால் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும், நடுவில் தடுக்கினால் மறுபடி கன்றிலிருந்து ஆரம்பம்.

எனக்கு இதைச் சொன்னது என் அப்பாவைப் பெற்ற ஆச்சி. உனக்குப் பூட்டி, நீ பார்த்ததில்லை. ஆச்சி கதைக்கும் நான் உனக்குச் சொன்னதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நான் உன்னைத் தூங்க வைக்கச் சொன்னேன். ஆச்சி எங்களைத் தூங்கவிடாமல் இருக்கச் சொன்னாள்.

கோவில்பட்டியில் அப்போது எங்கள் வளவில் தீப்பெட்டி ஒட்டாத வீடு கிடையாது. சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமி, மழை பொய்த்தால் காட்டில் வேலை இருக்காது. 1923இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்க் கற்று வந்து சிவகாசியில் ஆரம்பித்த தொழில், சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. பெண்கள் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து (தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வோம்) மரச்சீவலும் நீலத்தாளும் வாங்கி வந்து, ஒட்டிய பெட்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸ் கணக்கில்தான் கூலி.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து வட்டமாக உட்காருவோம். பலகையில் மைதாப் பசையைப் பரப்பி, அதன்மேல் தாளை வரிசையாகப் படிய வைப்பாள் அம்மா. சீவலில் மடிப்புக்குக் கோடு போட்டிருக்கும். அந்தக் கோட்டில் மடித்து, பசைத்தாளை எடுத்துச் சுற்றி, கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்திப் பின்னால் எறிய வேண்டும். எறிந்த பெட்டி விழும் சத்தத்தை வைத்தே யார் கை ஓய்ந்தது என்று ஆச்சி கண்டுபிடித்துவிடுவாள்.

எட்டு மணிக்கு மேல் எங்களுக்குக் கண் சொக்கும். ஆச்சி கதையை எடுப்பாள். நாங்கள் “ஊம்” கொட்ட வேண்டும். ஊம் நின்றால் கதையும் நிற்கும். “யாருக்குச் சொல்லுதேன், சுவருக்கா?” என்பாள். ஒட்ட வேண்டியது நிறைய இருந்தால் கதை நீளும். ஈ கதையில் அன்றைக்குக் குதிரைக்கு முன்னால் வண்டி, வண்டிக்காரன், வண்டிக்காரன் பெண்டாட்டி, அவள் அடுப்பு, அடுப்பு பற்றவைக்கும் தீப்பெட்டி எல்லாம் வந்து சேரும். கடைசி குரோஸ் முடிகிற நேரம் பார்த்துக் குதிரை கனைத்துவிடும். இத்தனை வயதாகியும் எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவில்லை.

அதைப் பொற்காலம் என்று உனக்குச் சொல்ல மாட்டேன். விடியற்காலையில் பிள்ளைகளை ஏற்றிப்போக ஊர் ஊராக ஆபீஸ் பஸ் வந்த காலம் அது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதும், குடும்பத்தோடு வீட்டில் செய்கிற வேலையை அது தொடவில்லை. எனக்குக் கதை பிடித்தது, பெட்டி ஒட்டப் பிடிக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே வந்தன, அவ்வளவுதான். உன்னை ஒரு பெட்டிகூட ஒட்டவிடக் கூடாது என்பதில் நானும் அப்பாவும் பிடிவாதமாக இருந்தோம்.

கொழுக்கட்டைக் கதையின் முடிவும் உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்றவன் பேர் மறக்காமல் இருக்க “கொழுக்கட்டை, கொழுக்கட்டை” என்று சொல்லிக்கொண்டே வருகிறான். வாய்க்காலைத் தாண்டும்போது “அத்திரிபாச்சா” என்று குதிக்கிறான். அதற்குப் பிறகு வாயில் அத்திரிபாச்சாதான். வீட்டுக்கு வந்து அத்திரிபாச்சா செய்து கொடு என்கிறான், பெண்டாட்டி விழிக்கிறாள், அவளை அடிக்கிறான். பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து, “பாவி, கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கிப்போச்சே!” என்றதும் “ஆ, அதுதான்!” என்கிறான். ஊரெல்லாம் இப்படித்தான் சொல்வார்கள். ஆச்சி சொல்லும்போது அடி வாங்குவது அவன். பெண்டாட்டி அகப்பையால் நெற்றியில் ஒன்று வைப்பாள், வீங்குவது அவன் நெற்றி. வட்டத்தில் இருந்த பெண்கள் அப்போது சிரித்த சிரிப்பைக் கேட்டிருக்க வேண்டும் நீ. பேரனுக்கு ஆச்சி சொன்ன மாதிரியே சொல்.

நல்லதங்காள் கதையை நான் உனக்குப் பாதியில் நிறுத்தினேன். அதற்கு உன் தூக்கம் காரணமில்லை, நானேதான் நிறுத்தினேன். பன்னிரண்டு வருஷப் பஞ்சத்தில் ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி ஓட்டைச் சட்டியும் பச்சை விறகும் கொடுத்துக் கஞ்சி காய்ச்சிக்கொள்ளச் சொல்கிறாள். அதோடு விட்டேன். அதற்குப் பிறகு கிணறு. பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டுத் தானும் விழுந்துவிடுவாள். வத்திராயிருப்புப் பக்கம் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலே இருக்கிறது. ஆச்சி இதை மழை இல்லாத வருஷங்களில்தான் எடுப்பாள். திருவிழாக் கடையில் வாங்கிய பெரிய எழுத்துப் புத்தகத்தை யாரோ படிக்கக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள், அவளுக்கு எழுத்து தெரியாது. மூத்த பையன் காலைப் பிடித்துக் கெஞ்சுகிற இடம் வந்தால் யாரும் ஊம் கொட்ட மாட்டார்கள். ஆச்சியும் கேட்க மாட்டாள். பெண்கள் கையில் பசை இருப்பதால் தோளில் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பேரன் கொஞ்சம் பெரியவனாகட்டும், இதை நானே சொல்கிறேன்.

என் அண்ணனுக்கு மட்டும் ஆச்சி கதை போதாது. உன் மாமாவுக்கு அம்புலிமாமா வேண்டும். 1947இலிருந்து வந்துகொண்டிருந்த பத்திரிகை, எங்கள் வளவுக்கு வருவதற்குள் அட்டை கிழிந்து நாலு வீடு பார்த்திருக்கும். ஓவியர் சங்கர் வரைந்த படம், தோளில் பிணத்தோடும் கையில் வாளோடும் விக்கிரமாதித்தன், அது ஒன்றுக்காகவே வாங்குவான். அவன் சத்தமாகப் படிப்பான், அதற்குக் கூலியாக அவன் பங்குப் பெட்டியை நாங்கள் ஒட்ட வேண்டும். வேதாளம் கேள்வி கேட்டதும் ஆச்சி அவனை நிறுத்தச் சொல்லிவிடுவாள். ராஜா சொன்ன பதில் யாருக்கு வேண்டும், நீங்கள் சொல்லுங்கள் என்பாள். சண்டை பத்து மணி வரை நடக்கும். பல தடவை ஆச்சியின் தீர்ப்புதான் விக்கிரமாதித்தன் தீர்ப்பைவிட எனக்கு நியாயமாகப் பட்டது.

பேரன் கதை கேட்கும்போது கையில் ஏதாவது கொடு. பட்டாணி உரிக்கட்டும், பூண்டு உரிக்கட்டும். படுக்கவைத்துச் சொல்லாதே, முடிவு வராது. உங்களுக்கு ராத்திரி எட்டு மணி என்றால் எனக்கு மதியம் மூன்றரை, அப்பா தூங்கும் நேரம், வீடு அமைதியாக இருக்கும். வீடியோவில் வந்தால் நானும் சொல்வேன். ஊம் கொட்ட மட்டும் பழக்கிவிடு. இல்லாவிட்டால் நெட் போய்விட்டதா, பிள்ளை போய்விட்டானா என்று எனக்குத் தெரிவதில்லை.

கடைசியாகச் சுவர்க் கதை. ஒரு விதவைக் கிழவி, இரண்டு மகன், இரண்டு மருமகள். நாலு பேரும் அவளை ஏசிக்கொண்டே இருப்பார்கள். சொல்லி அழ ஆளில்லை. மனசுக்குள் வைத்து வைத்து அவள் உடம்பு ஊதுகிறது. அதற்கும் கேலி. ஒரு நாள் ஊருக்கு வெளியே கூரை இல்லாத ஒரு பாழ் வீட்டுக்குள் போகிறாள். ஒரு சுவரைப் பார்த்து மூத்த மகன் செய்ததைச் சொல்கிறாள். சுவர் பொலபொலவென்று சரிகிறது, அவள் உடம்பில் கொஞ்சம் குறைகிறது. அடுத்த சுவருக்கு மூத்த மருமகள். அப்படி நாலு சுவரும் விழுந்ததும் பழைய உடம்போடு வீட்டுக்கு நடக்கிறாள். மகன்கள் திருந்தினார்களா என்று கேட்டால் ஆச்சி, “அது அவங்க பாடு” என்பாள்.

என் அம்மாவோடோ சித்தியோடோ வாக்குவாதம் நடந்த அன்று ராத்திரி கட்டாயம் இந்தக் கதைதான். ஒரு தடவை அம்மா தலையைத் தூக்காமலே, “நாலு சுவரும் விழுந்தாச்சுல்ல, பசையை இந்தப் பக்கம் தள்ளுங்க அத்தை” என்றாள். ஆச்சி தள்ளினாள்.

உன் மாமியார் அடுத்த மாதம் அங்கே வருகிறார் என்றாயே. அவர் இருக்கும்வரை இந்த ஒன்றை மட்டும் எடுக்காதே. சம்பந்தியம்மாவும் நானும் இப்போதுதான் நல்லபடியாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
அம்மா