குறுக்குவில்லும் கோட்டை மான்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் கனடிய மான் வேட்டை பற்றி வந்த கட்டுரையில், விசையைத் தட்டி அம்பு விடும் குறுக்குவில்லுக்கு அங்கே உரிமம் தேவையில்லை என்று ஒரு வரி இருந்தது. அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் போடாவிட்டால் எங்கள் ஊரில் வினை வரும்.

மூன்று வருசத்துக்கு முந்தி ஒன்ராறியோவில் மகள் வீட்டில் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் நின்றேன். கிராமப்புறம். பக்கத்து வளவுக் கிழவர், தோள்மூட்டுப் பழுதானபிறகு சாதாரண வில்லை விட்டுக் குறுக்குவில்லுக்கு மாறியவர். அதை வாங்க, துவக்குக்கு எடுப்பதுபோல உரிமம் எடுக்கத் தேவையில்லைதான். ஆனால் ஒற்றைக் கையால் எய்யக்கூடியதும், நீளம் 500 மில்லிமீற்றரைத் தாண்டாததும் முற்றாகத் தடை. வேட்டைக்கு இறங்குவதென்றால் பயிற்சி வகுப்பு, பரீட்சை, வேட்டை அட்டை, மானுக்குத் தனிச் சீட்டு எல்லாம் வேண்டும். நாணின் இழுவிசை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது. அம்புமுனை 22 மில்லிமீற்றராவது அகலம், கூரான விளிம்பு இரண்டாவது இருக்கவேண்டும். மான் காயத்தோடு பற்றைக்குள் ஓடிக் கிடந்து சாகக்கூடாதல்லவா. நாணேற்றி அம்பும் வைத்துவிட்டால் சட்டத்தின் கண்ணில் அது குண்டு போட்ட துவக்கு. மனிசன் பொழுதுபட வந்து, வளவில் கட்டிவைத்த பொதிக்குள் ஓர் அம்பை விட்டுத்தான் நாணைத் தளர்த்துவார். அந்தச் சத்தம் கேட்டால் மகள் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள்.

வில்லுக்கென்று ஒதுக்கிய பருவத்தில் குறுக்குவில்லும் அங்கே செல்லும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: பென்சில்வேனியா 2009இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது, ஒரேகன் வேட்டைக்கே விடுவதில்லை. நாணை இழுத்துப் பிடித்துக் கை நடுங்க நிற்பதுதான் வில்வித்தை, விசையைத் தட்டுவது துவக்கு வேலை என்பது பழைய வில்லாளிகளின் குறை. எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. கிழவரின் தோளை நினைத்து அவரிடம் சொல்லவில்லை.

இங்கே இலங்கையில் 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. மானைக் கொல்லவே கூடாது; அதற்குப் பருவமும் இல்லை, சீட்டும் இல்லை. அவ்வளவுதான்.

திருகோணமலையில் பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்களின் கையில் வாழைப்பழத்தைக் கண்டால் புள்ளிமான் தானாக வந்து மூக்கை நீட்டும். என் படலைக்கும் விடியப்புறம் ஒரு கொம்பன் மான் பழத்தோலுக்கு வரும். போன கிழமை தெருப் பெடியன் ஒருவன் உங்கள் கட்டுரையைப் போனில் காட்டி, "ஐயா, இதுக்கு லைசன்ஸ் வேண்டாமாம், லொறி வில்லுத் தகட்டிலயே செய்யலாம்" என்றான். கொம்பன் அவனுடைய சைக்கிளை மணந்துகொண்டு நின்றது.

விடுபட்ட விதிகளையும், இலங்கையில் மானை எதனால் கொன்றாலும் குற்றம் என்பதையும் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
திருகோணமலை.